கோள்பாதையா, மியூவானா: ஊட்டி மாணவர் மன்றத்தின் முதல் சிமுலேஷன்

ஊட்டியில் இயற்பியல் படிக்கும் மாணவர்களின் கணினிவழி இயற்பியல் மன்றத்தை வழிநடத்தும் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி, புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்பதுதான். சூரியனைச் சுற்றும் கோளின் பாதையைக் கணக்கிடச் சொல்வதா, வானிலிருந்து இறங்கும், விரைவில் சிதைந்துவிடும் மியூவான் என்னும் நுண்துகள்களை, ரேண்டம் எண்களைக் கொண்டு கணக்கிடும் மான்டே கார்லோ முறையில் பின்தொடரச் சொல்வதா? இரண்டையுமே நடத்திப் பார்த்திருக்கிறேன்.

கோள்பாதையில் தவறு ஒளிந்துகொள்வதில்லை. ஒவ்வொரு சிறு நேர அடியிலும் பழைய மதிப்புகளைக் கொண்டே அடுத்த நிலையைக் கணக்கிடும் ஆய்லர் முறையில் எழுதினால், வட்டமாக மூட வேண்டிய பாதை சுற்றுக்குச் சுற்று விரிந்துகொண்டே போகும். மொத்த ஆற்றலை அச்சிட்டுப் பார்க்கும் மாணவர் உடனே பிழையை உணர்ந்துவிடுவார். திசைவேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய மதிப்பைக் கொண்டே கோளை நகர்த்தும்படி இரண்டு வரிகளை மாற்றி எழுதினால் போதும், ஆற்றல் சிறிய எல்லைக்குள் ஏறி இறங்குமே தவிர விலகி ஓடாது. அந்த இரண்டு வரிகள் கற்பிப்பதை ஒரு முழுப் பாடவேளையில் கரும்பலகையால் கற்பிக்க முடியாது.

மியூவான் கணக்கில் பிழை அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பத்துக் கணினிகளில் ஓட்டிச் சராசரி எடுத்தோம். பத்து விடைகளும் கடைசித் தசமம் வரை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு மாணவர்கள் மகிழ்ந்தார்கள். எல்லாக் கணினிகளிலும் ரேண்டம் எண்களின் தொடக்க எண்ணை ஒன்றாகவே கொடுத்திருந்தோம், அதனால் பத்தும் ஒரே கணக்கின் நகல்கள்தான் என்பது மறுவாரம்தான் புரிந்தது. அதோடு, விடையின் புள்ளியியல் பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க நூறு மடங்கு மியூவான்கள் தேவை.

ஆனாலும் என் தேர்வு மியூவான்தான், ஏனெனில் அது இந்த மலைக்கே உரிய கணக்கு. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அது கடக்கக்கூடிய சராசரித் தொலைவு 660 மீட்டர்தான். ஐன்ஸ்டைனின் சார்பியலை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஊட்டியைக் கடக்கும் 1,000 மியூவான்களில் சுமார் 56 மட்டுமே அடிவாரத்தை அடையும். 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் காலநீட்சியை, அதாவது வேகமாகச் செல்லும் துகளுக்கு நேரம் மெதுவாக ஓடுவதை, சேர்த்தால் சுமார் 927 அடையும். மலை ரயிலில் ஏறி இறங்கிய தொலைவிலேயே ஐன்ஸ்டைனைப் பார்க்கும் மாணவரின் முகத்தில் தெரியும் வியப்பைக் கோள்பாதை தந்ததில்லை. ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2014 டிசம்பர் 1 அன்று வந்த இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கையின் குறைவைச் சிமுலேஷனோடு ஒப்பிட்டே கண்டறிந்தது என்பதையும் அவர்களிடம் சொல்வேன்.

கணினி வசதியில் வேறுபாடு இல்லை. சாதாரண மடிக்கணினியும் பைத்தானும் இரண்டுக்கும் போதும்.

ஆகவே முதல் இரண்டு வாரம் கோள்பாதையில் பிழை தேடும் பழக்கத்தை ஊட்டிவிட்டு, மீதிப் பருவம் முழுவதையும் மியூவானுக்குக் கொடுக்கிறோம். ஒரே ஆற்றலுள்ள மியூவான்களுக்கு தொலைவுக்கேற்ப எத்தனை எஞ்சும் என்று சொல்லும் அடுக்குக்குறிச் சூத்திரமே விடை தந்துவிடும் என்பதால், நிரலை முதலில் அதனோடுதான் சரிபார்க்க வேண்டும். காற்றில் இறங்கும்போது ஏற்படும் ஆற்றல் இழப்பையும் வெவ்வேறு தொடக்க ஆற்றல்களையும் சேர்த்த பிறகு அந்த எளிய சூத்திரம் போதாது. சிமுலேஷன் உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான்.