கண்ணாடி மாதிரி பாடி வைத்து கிட்டார் செய்யக் கொடுக்கிறீர்களா? மீதிப் பணம் தருவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது எலக்ட்ரிக் கிட்டாருக்கு உள்ளே எல்லாம் தெரிகிற அக்ரிலிக் (கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்) பாடி, அதாவது உடல் பகுதி, செய்யக் கொடுத்திருந்தால், இல்லை கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். எனக்கு 33,000 ரூபாய் போனது. பணத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் போனது, அதையும் சொல்கிறேன். பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் எந்த எந்த இடத்தில் ஏமாந்தேன் என்று தெரிந்தால் அடுத்தவர் அதே இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பார், அதற்குத்தான் எழுதுகிறேன்.

என் தாய்மாமா சர்ச் பாடகர் குழுவில் பல வருடம் கிட்டார் வாசித்தவர். நான் முதன்முதலில் ஒரு கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது) பிடித்தது அவர் மடியில் இருந்த கிட்டாரில்தான். அவர் தவறிய பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தார்கள். சத்துவாச்சாரி வீட்டுப் பரண்மேல் நான்கைந்து வருடம் கிடந்ததில் பாடியைக் கரையான் அரித்துவிட்டது, விரலால் அழுத்தினால் மாவாகக் கொட்டியது. நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீளமான கழுத்துப் பகுதி, மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. நேராக, முறுக்கு இல்லாமல், ஃப்ரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) தேயாமல் இருந்தது. அந்த நெக்கை வைத்தே புது பாடி போட்டு, கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஏன் கண்ணாடி மாதிரி? மாமாதான் காரணம். 1969-ல் அமெரிக்காவின் ஆம்பெக் கம்பெனிக்காக டான் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் அக்ரிலிக் பாடியில் ஒரு கிட்டார் வடிவமைத்தார், 1971 வரைதான் அது தயாரிப்பில் இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 1969 அமெரிக்கப் பயணத்தில் அதை வாசித்திருக்கிறார். அந்தப் படம் ஒன்றைப் பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி மாமா தன் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். சின்ன வயதில் அதைப் பார்த்து, தண்ணீரில் செய்த கிட்டாரா மாமா என்று கேட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு பட்டறை. கடை போர்டு எழுத்து, பரிசுக் கேடயம், நகைக்கடை ஷோகேஸ் எல்லாம் அக்ரிலிக்கில் செய்கிறவர்கள், கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டுகிற ரௌட்டர் மிஷின் வைத்திருக்கிறார்கள். போன ஜூலையில் நெக்கை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி போனில் ஒரு படம் காட்டினார், அழகான தெளிவான கிட்டார், "இதெல்லாம் நம்ம பண்ணதுதான் தம்பி" என்றார். அந்தப் படத்தை அன்றைக்கே இணையத்தில் தேடிப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆறு மாதம் கழித்துத் தேடினேன், ஏதோ வெளிநாட்டுக்காரர் செய்து போட்ட படம்.

நான் கேட்டது 40 எம்.எம். கனத்தில், ஒரே கட்டியாக, காஸ்ட் அக்ரிலிக். இந்தக் "காஸ்ட்" என்ற சொல் முக்கியம். அக்ரிலிக் ஷீட் இரண்டு வகையில் வருகிறது. அச்சில் ஊற்றி இறுகவைத்துச் செய்வது காஸ்ட். மிஷினில் உருக்கித் தள்ளி எடுப்பது எக்ஸ்ட்ரூடட், இது விலை குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எக்ஸ்ட்ரூடட் ஷீட்டை அறுத்தாலோ துளையிட்டாலோ சூட்டில் இளகிப் பிளேடில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே இறுக்கம் தங்கிவிடும், பிறகு தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் மயிரிழை போல வெடிப்பு ஓடும். கம்பிகள் இழுக்கிற இழுப்பைத் தாங்க வேண்டிய பாடிக்கு அது லாயக்கில்லை. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன், சொல்லிவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். "காஸ்ட்டுதான் தம்பி, மும்பையிலேர்ந்து வரவெச்சிக் குடுக்கறேன்" என்றார். மொத்தம் 36,000. அட்வான்ஸ் 20,000. ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் "கிட்டார் பாடி, அட்வான்ஸ் 20" என்று எழுதிக் கொடுத்தார். காஸ்ட் என்ற சொல்லோ 40 எம்.எம். என்ற அளவோ அதில் இல்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

எடை விஷயத்தில் அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முழு கிட்டாரும் நாலு கிலோவுக்குள் வரும் என்றார். அது நடக்கவே நடக்காது. அக்ரிலிக் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.19 கிராம் வரும், தண்ணீரைவிடக் கனம். பாடியின் வரைபடத்தை கிராஃப் தாளில் வைத்துக் கட்டம் எண்ணினால் ஏறக்குறைய 1,000 சதுர சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் கனம், ஆக பாடி மட்டுமே நாலே முக்கால் கிலோ. பிக்கப்புக்கும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பகுதி) வயருக்கும் குடைந்து எடுத்தது போக, நெக்கும் மற்றதும் சேர்த்தால் ஐந்தரை, ஆறு கிலோ ஆகும். மர கிட்டார் மூன்றரை, நாலு கிலோதான் இருக்கும். இந்தக் கணக்கை நான் வீட்டில் போட்டது பணம் கொடுத்த பிறகு. செய்து பழகினவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம் வழக்கமான கதை. ஆடி மாதம் என்றார், மிஷின் ரிப்பேர் என்றார், ஆயுத பூஜை லீவு என்றார். அக்டோபரில், "ஷீட்டு வந்துடுச்சி, வேலை நடந்துக்கினு இருக்குது, ஒரு பதிமூணு அனுப்புங்க" என்று போன் வந்தது. ஷீட்டின் படம் கேட்டேன். பாதுகாப்புத் தாள் ஒட்டிய ஒரு ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். என்ன கனம் என்று அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. சிப்காட் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம்தான், வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஸ்கேலை வைத்துப் பார்த்திருக்கலாம். போகாமல் ஜிபேயில் பணம் அனுப்பினேன்.

டிசம்பர் 20-ஆம் தேதி கிட்டார் கைக்கு வந்தது. பட்டறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மாடி வெயிலில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு நெடுகிலும் மூன்று கோடுகள். நான்கு 10 எம்.எம். ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். போர்டு வேலையில் எழுத்து ஒட்டுகிற குளோரோஃபார்ம்தான். ஓரம் ஒட்ட அது போதும், இவ்வளவு அகலமான பரப்பில் சீராகப் பரவாது, காற்று மாட்டிக்கொள்ளும். பிரிட்ஜுக்கு (பாடியின்மேல் கம்பிகளைத் தாங்குகிற பகுதி) கீழே ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு குமிழி, அதைச் சுற்றி மிளகு அளவில் சின்னக் குமிழிகள். உள்ளே தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்த பாடியில் முதலில் கண்ணில் படுவது அதுதான். வயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வெள்ளை, மஞ்சள், பச்சை என்று மிச்சம் மீதி வயரை முடிச்சுப் போட்டு ஹாட் க்ளூ வைத்து அப்பியிருந்தார்கள்.

சரி, பார்வைக்குத்தானே அசிங்கம், வாசிக்கவாவது வருமா என்று சுருதி கூட்டினேன். திறந்த கம்பி சரியாக இருக்கிறது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பிடித்தால் சுருதி கூடித் தூக்கி அடிக்கிறது. டேப்பை எடுத்து அளந்தேன். நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காருகிற சின்னக் கட்டை) பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை 324 எம்.எம். அங்கிருந்து பிரிட்ஜின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காருகிற இடம்) வரைக்கும் அதே 324, அதற்குமேல் ஒன்றிரண்டு எம்.எம். இருக்க வேண்டும். இருந்தது 312. சேடிலைப் பின்னால் கடைசி வரை தள்ளின பிறகும் 312. பன்னிரண்டு எம்.எம். முன்னால் பிரிட்ஜைப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்வரம் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பேசுகிறது. எந்த கார்டு பிடித்தாலும் ஏதாவது ஒரு கம்பி சண்டை போடும். கிட்டார் செய்கிறேன் என்று சொல்கிறவருக்கு இந்த ஒரு அளவு தெரியவில்லை என்றால் அவர் கிட்டார் செய்தவரே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பிரிட்ஜ் ஸ்க்ரூக்களைச் சுற்றி வெடிப்பு தெரிந்தது. சிலந்தி வலை மாதிரி, நகத்தால் தடவினால் தட்டுப்படாது, வெளிச்சத்தில் சாய்த்தால் மின்னும். மரத்துக்குப் போடுகிற ஸ்க்ரூவை நேராக முடுக்கியிருக்கிறார்கள். அக்ரிலிக்கில் பிரிட்ஜைப் பூட்ட வேண்டுமென்றால் சரியான அளவில் துளை போட்டு, மரை வெட்டியோ பித்தளை மரை வைத்தோதான் பூட்ட வேண்டும். பிரிட்ஜ் தகட்டில் உள்ள துளையும் ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அக்ரிலிக் சூட்டில் நன்றாக விரியும், அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. நம் ஊரை வெயிலூர் என்று சொல்கிறோம், மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இதற்கு இடம் விடாமல் இறுக்கினால் பிளக்காமல் என்ன செய்யும்? டிசம்பர் குளிரிலேயே பிளந்துவிட்டது.

தோட்டப்பாளையத்தில் போர்டு கடை வைத்திருக்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். பட்டறையில் கேட்டு வாங்கி வந்திருந்த ஒரு வெட்டுத் துண்டும் கையில் இருந்தது. அவர் எதுவும் பேசாமல் துண்டை ஸ்டூல்மேல் வைத்து டிரில்லைப் போட்டார். துளையிலிருந்து இடியாப்பம் மாதிரி நீள நீளமாக இழை வந்து டிரில் பிட்டில் சுற்றிக்கொண்டது. அப்புறம் தன் கடையில் இருந்த காஸ்ட் துண்டில் அதே பிட்டைப் போட்டார், உப்பு மாதிரி உதிரியாகத் தூள் கொட்டியது. "இன்னாத்துக்குப்பா இதுல கிட்டார் பண்ணாங்க" என்றார். பாடியை முகர்ந்து பார்த்துவிட்டு, கைரேகை போகத் தின்னரில் துடைத்திருக்கிறார்கள், வெடிப்பு இன்னும் ஓடும் என்று சொன்னார். விளிம்பை நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்கினால், அதன் பிறகு 80 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டுமாம், அப்போதுதான் உள்ளே இருக்கிற இறுக்கம் இறங்கும். அதையும் செய்யவில்லை.

நெக்கையாவது காப்பாற்றலாம் என்று நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். பாடியில் நெக் உட்காருகிற பள்ளத்தைச் சின்னதாக வெட்டிவிட்டு, அதில் நுழைவதற்காக நெக்கின் அடிப்பாகத்தை சாண்டர் வைத்து இழைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும், அடியிலும். அந்த அடியில்தான் மாமா பென்சிலால் தன் பெயரையும் 14-4-1987 என்ற தேதியையும் எழுதியிருந்தார், அவர் முதல் சம்பளத்தில் அந்தக் கிட்டாரை வாங்கிய நாள். கொடுக்கும்போது அதைக் காட்டி, இதைத் தொடாதீங்க அண்ணா என்று சொல்லித்தான் கொடுத்தேன். இப்போது அங்கே வெறும் புது மரம். அத்தையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது அவர் சொன்னது: "கிளியரா வேணும்னீங்க, கிளியராத்தானே இருக்குது." காஸ்ட் என்று எழுதியிருக்கிறதா காட்டு என்றார். மீதி 3,000 தராவிட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். தரவில்லை.

1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைத் திரும்பப் பெற்றால் 5,000 தருகிறேன் என்று ஆள் விட்டார், ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் மனு போட்டேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். ரசீது இல்லாததால் ஜிபே கணக்கும், வாட்ஸ்அப் பேச்சும், அந்த விசிட்டிங் கார்டும்தான் என் கையில். நல்லவேளையாக ஜூலையில் நான் அனுப்பிய ஒரு செய்தியில் "காஸ்ட் அக்ரிலிக், 40 எம்.எம்., ஒரே பீஸ்" என்று இருக்கிறது, அவர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறார். போனை மாற்றும்போது அது அழியாமல் மூன்று இடத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் அதே மாதிரி வேலையை யாராவது கொடுத்திருந்தால், இந்த வாரமே நேரில் போய்த் தாளை உரித்து விளிம்பைப் பாருங்கள், வெட்டுத் துண்டில் உங்கள் கண்முன் ஒரு துளை போடச் சொல்லுங்கள், பிரிட்ஜ் பூட்டும் முன் டேப்பை வையுங்கள். சொந்த நெக் கொடுத்திருந்தால் அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், பள்ளம் வெட்ட அதன் அளவு போதும், நெக் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். விசாரணை அடுத்த மாதம், பாடியைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், இரண்டாவது கோட்டுக்கு மேலேயும் வெடிப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது.