இணையக் கல்லூரியின் அங்கீகாரம்: எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குத் தினமும் போய்வந்து படிப்பதற்கு ஆகும் செலவையும் நேரத்தையும் அறிந்தவர்கள், வீட்டிலிருந்தபடியே படிக்கும் வாய்ப்பை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் அண்டை வீட்டுப் பெண் பாலர் பள்ளி ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறாள். இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்ச்சியோடு நின்றுவிட்ட அவளுக்குக் குழந்தைக் கல்வியில் டிப்ளோமா இருந்தால்தான் ஆசிரியையாக உயர முடியும். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வந்த விளம்பரங்களிலிருந்து மூன்று கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுள் எது முறையான அங்கீகாரம் பெற்றது என்று என்னிடம் கேட்டாள். மூன்று கல்லூரிகளும் மூன்று விதமான சான்றுகளைக் காட்டின. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெளிவாயிற்று.

முதல் கல்லூரி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழின் படத்தை அனுப்பியிருந்தது. அது போலியன்று. ஆனால் அது 1996 ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் உயர்கல்வி அமைச்சு வழங்கும் பதிவுச் சான்றிதழ். அந்தக் கல்லூரி சட்டப்படி இயங்கலாம் என்பதை மட்டுமே அது காட்டும். அங்கு நடத்தப்படும் ஒவ்வொரு படிப்பும் தரம் பார்க்கப்பட்டது என்பதை அது காட்டாது. நம் நாட்டில் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை, படிப்புக்குத்தான் கொடுக்கப்படுகிறது என்ற இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் என் தங்கை மகன் இரண்டு ஆண்டுகளையும் வீட்டாரின் சேமிப்பையும் இழந்தான். அவன் படித்த கல்லூரி பதிவு பெற்றதுதான்; அவன் படித்த படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. வேலைக்கு விண்ணப்பித்த பிறகே அது தெரியவந்தது. ஆகவே பதிவுச் சான்றிதழை அவசியமான முதல் படியாகக் கொள்ளலாமே தவிர, அதை வைத்து முடிவெடுக்க முடியாது. கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் முகவர் வாயால் சொல்லும் உறுதியோ அந்த முதல் படிக்குக்கூடப் போதாது.

இரண்டாவது கல்லூரியின் விளம்பரத் தாளில், கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் ஒரு நீண்ட குறியீடு இருந்தது. பலரும் கவனிக்காமல் விடும் அந்த வரியில்தான் அதிகத் தகவல் இருக்கிறது. தொடக்கத்தில் ‘என்’ (N) என்றிருந்தால் அமைச்சு அந்தப் படிப்பைப் புதிதாக அனுமதித்துள்ளது. ‘ஆர்’ (R) என்றிருந்தால் அனுமதி புதுப்பிக்கப்பட்டுள்ளது. இடையில் வரும் ஒற்றை எண் தகுதி நிலையைக் குறிக்கும்: டிப்ளோமாவுக்கு 4, இளங்கலைக்கு 6. இறுதியிலுள்ள மாதமும் ஆண்டும் அனுமதி முடியும் காலம். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் நமக்கு முக்கியம். அங்கு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி நிறுவனத்தைக் குறிக்கும் எம்.கியூ.ஏ. (MQA) என்பதோடு ‘எஃப்.ஏ.’ (FA) என்றிருந்தால் முழு அங்கீகாரம், ‘பி.ஏ.’ (PA) என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். தற்காலிகம் என்றால் மோசடி என்று பொருளாகாது. புதிய படிப்பு எதுவும் அப்படித்தான் தொடங்கும். முதல் அணி மாணவர்கள் இறுதிக் கட்டத்தை எட்டும்போது முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும். ஆனால் அந்த மதிப்பீட்டில் படிப்பு தேறாவிட்டால் பாதிக்கப்படுபவர்கள் அந்த முதல் அணியினரே என்பதால், இரண்டு கல்லூரிகள் மற்றபடி சமமாக இருக்குமானால் முழு அங்கீகாரம் உள்ளதையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இருந்தாலும் இந்தக் குறியீட்டை அச்சிட்டது கல்லூரிதான். காலாவதியான எண்ணையோ வேறொரு படிப்பின் எண்ணையோ அச்சிட யாராலும் முடியும்.

அதனால் குறியீட்டைத் திறவுகோலாக வைத்துக்கொண்டு, பூட்டை, அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிடும் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் திறந்து பார்க்க வேண்டும். எம்.கியூ.ஏ., 2007 ஆம் ஆண்டின் 679 ஆவது சட்டத்தின்கீழ் அமைந்து, அதுவரை தனியார் கல்லூரிகளைக் கவனித்துவந்த தேசிய அங்கீகார வாரியத்தின் பணியை ஏற்றுக்கொண்டது. அது நடத்தும் பதிவேட்டைக் கைத்தொலைபேசியிலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். நான் ஒப்பிட்ட சான்றுகளில், விற்பவரின் கை படாதது இது ஒன்றே. பார்க்கும்போது கல்லூரியின் பெயர் கிடைத்தவுடன் நிறுத்திவிடக் கூடாது. படிப்பின் பெயர் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறதா, அங்கீகாரம் எந்தத் தேதியிலிருந்து செல்லும், அது நேரடி வகுப்புக்கா தொலைநிலைக் கல்விக்கா என்ற மூன்றையும் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. திறந்தநிலை, தொலைநிலைப் படிப்புகளை மதிப்பிட எம்.கியூ.ஏ. தனி விதித் தொகுப்பு வைத்திருக்கிறது. வளாகத்தில் நடத்த அங்கீகாரம் பெற்ற ஒரு டிப்ளோமாவை அப்படியே இணையத்துக்கு மாற்றி விற்றால், அந்த அங்கீகாரம் கூடவே வந்துவிடாது. தற்காலிக அங்கீகாரம் பெற்றவை தனிப் பட்டியலில் இருப்பதால், பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அந்தப் பட்டியலையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மூன்றாவது கல்லூரி வெளிநாட்டைச் சேர்ந்தது. ‘அனைத்துலக அங்கீகாரம்’ பெற்றதாகச் சொன்னது. அப்படி ஒரு பொது அங்கீகாரம் உலகில் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் அமைப்பு உண்டு. அமெரிக்காவில் அங்கீகாரம் கொடுப்பவை தனியார் முகமைகளே. எனவே அந்த முகமையைக் கல்வித் துறையோ சீயா எனப்படும் உயர்கல்வி அங்கீகார மன்றமோ ஏற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டம் விற்பவர்கள் தங்களுக்கென முகமைகளையும் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள் என்பது, பாகிஸ்தானின் ஆக்சாக்ட் நிறுவனம் 2015 இல் அம்பலமானபோது உலகறிந்த செய்தி. நம் மக்கள் விரும்பும் இந்தியப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, அந்நாட்டுத் தர மதிப்பீட்டு மன்றமான நாக் (NAAC) கொடுக்கும் தரக்குறி பல்கலைக்கழகத்தைப் பற்றியது, தனிப் படிப்பைப் பற்றியதன்று. தொலைநிலையில் எந்தப் படிப்பை எந்தக் கல்வியாண்டில் நடத்தலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியல்தான் சொல்லும். அந்தந்த நாட்டில் செல்லுபடியாகும் பட்டமும் மலேசிய அரசாங்க வேலைக்குத் தானாகச் செல்லாது. அரசாங்க வேலைக்கு ஏற்கப்பட்ட தகுதிகளைக் காட்டும் ஈ-சிஸ்ராஃப் தளத்தில் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். இணைய முகவரி ‘.ஏசி’ (.ac) என்று முடிவதைக் காட்டிப் பெருமைப்படுவோரும் உண்டு. அது அசென்ஷன் தீவுக்குரிய குறியீடு, அதை யாரும் வாங்கலாம்.

இவற்றுக்கு அப்பால், தாதிமை, பொறியியல், சட்டம் போன்ற துறைகளில் அந்தந்தத் தொழில் வாரியத்தின் ஏற்பும் வேண்டும். அண்டை வீட்டுப் பெண் நாடுவது குழந்தைக் கல்வி டிப்ளோமா என்பதால் நாங்கள் அதற்குள் போகவில்லை.

பதிவேட்டில் இரண்டாவது கல்லூரியின் டிப்ளோமா, தொலைநிலைப் படிப்பாகவே முழு அங்கீகாரத்துடன் இருந்தது. முதல் கல்லூரியின் படிப்பு பதிவேட்டிலும் இல்லை, தற்காலிகப் பட்டியலிலும் இல்லை. மூன்றாவது கல்லூரி குறிப்பிட்ட முகமையைச் சீயாவின் பட்டியலில் காண முடியவில்லை. அவள் பதிவேட்டுப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து, முன்பணம் கட்டிய ரசீதுடன் சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறாள்; படிப்பின் பெயரோ நடத்தும் முறையோ இடையில் மாறினால் மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணையைக் கட்டுவதாகத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.