எந்த ஊசி, எத்தனை பயணம்: முத்துப்பிள்ளைக்குப் பிறகு வன்னிப் பெண்ணின் தெரிவுகள்

புற்றுநோய்ப் பிரிவு டொக்டர் இரண்டு மருந்துகளின் பெயரைச் சொன்னார். மெதோட்ரெக்ஸேட், அக்டினோமைசின்-டி. எது திறம் என்று நான் கேட்க வாயெடுக்க முன்னமே தங்கச்சி கேட்டாள்: "டொக்டர், எந்த ஊசி எண்டா நான் வீட்டில நிக்கலாம்?"

வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை. வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குச் சின்னதாகப் பட்டது. பிறகு ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தபோதுதான், கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று விளங்கியது.

கரு வளர வேண்டிய இடத்தில் இளங்கொடி மட்டும் நீர்க்குமிழ்களாகப் பெருகுவதைத்தான் எங்கள் பக்கத்தில் முத்துப்பிள்ளை என்பார்கள். தங்கச்சிக்கு வெளியே வந்ததை நான் பார்த்தேன். ஊறின சவ்வரிசியைக் குலையாகக் கட்டி இரத்தத்தில் தோய்த்தது போல இருந்தது. முழு முத்துப்பிள்ளையில் கலங்களின் கருவுக்குள் இருக்கும் மரபணு பெரும்பாலும் எல்லாமே தகப்பன் வழி வந்தது. இதை 1977இல் கஜி, ஓஹமா என்ற இரண்டு யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பகுதி முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் ஒரே முட்டைக்குள் இரண்டு விந்து புகுந்து, 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 69 ஆகிவிடுகின்றன. அவள் தூக்கின தண்ணி வாளியோ ஆரும் போட்ட கண்ணூறோ இதற்குக் காரணமில்லை. இதை மாமியாருக்கு நான் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

முழுதா, பகுதியா என்பதில்தான் முதல் ஒப்பீடு. கருப்பையில் இருந்து உறிஞ்சி எடுத்த பிறகும் நோய் தங்கிப் புற்றுநோயாக வளர்வது முழு வகையில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு. பகுதி வகையில் அது மிகக் குறைவு, நூற்றுக்கு ஒருவர் அளவில். இரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஓமோன் ஒருமுறை சரியான அளவுக்கு இறங்கிவிட்டால் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. லண்டன் சாரிங் கிராஸ் வைத்தியசாலை 20,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் பிறகு நோய் வருவது முழு வகையில் 406 பேரில் ஒருவருக்கு, பகுதி வகையில் 3,195 பேரில் ஒருவருக்கு. ஆகவே பகுதி வகைக்கு, சரியான அளவு வந்து ஒரு மாதம் கழித்து இன்னொரு பரிசோதனை செய்தால் போதும் என்கிறது உலக மகப்பேற்று வைத்தியர்களின் சம்மேளனம். முழு வகைக்கு மாதம் ஒன்றாக மேலும் மூன்று மாதம். முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே போய்வருகிறவளுக்கு இரண்டு பயணம் குறைவது பெரிய விசயம்.

அந்தக் கணக்கு எங்களுக்கு உதவவில்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. சாதாரணக் கருச்சிதைவு என்று எழுதி விட்டுவிட்டார்கள். எந்த வகை என்று தெரியாததால், முழு வகை என்றே எண்ணிப் பின்தொடர வேண்டி வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. கருக்கலைந்த எந்தப் பெண்ணும், அவளோடு போகிற தாயும் அக்காவும், "சதையை அனுப்பினீங்களா, ரிப்போட் எப்ப வரும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

சலத்தில் பார்க்கும் கர்ப்பக் கீற்றா, இரத்தப் பரிசோதனையா என்ற கேள்வியும் ஊரில் அடிக்கடி வரும். மருந்துக் கடைக் கீற்றைக் கையிலேயே பார்த்துவிடலாம், பஸ் வேண்டாம். ஆனால் வழக்கமான கீற்று 25 யூனிட் அளவில்தான் கோடு காட்டும். நாங்கள் தேடுவது அதற்குக் கீழே. அளவு மிக மிக அதிகமாக இருந்தாலும் கீற்று ஏமாந்து, கோடே விழாமல் போகலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதனால் சொல்ல முடியாது. இந்த நோயில் வைத்தியர் பார்ப்பது ஏற்ற இறக்கத்தைத்தான். எனவே இரத்தம்தான். அதுவும் ஒரே ஆய்வுகூடத்தில், ஏனென்றால் இடத்துக்கு இடம் கருவி மாறினால் எண்ணும் மாறும். பிரிட்டனில் 1973 முதல் பெண்களைப் பதிவுசெய்து, மாதிரிகளைத் தபாலில் வரவழைத்துப் பார்க்கிறார்கள். பெண் வீட்டிலேயே இருக்கிறாள். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எடுத்த இரத்தம் ஏ9 வீதியால் போகலாம், அவள் போக வேண்டியதில்லை. எங்களுக்கு வேண்டிய ஏற்பாடு இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தங்கச்சியின் எச்.சி.ஜி. எண் இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் தொடர்ந்து ஏறியது. வைத்தியர்கள் புள்ளி போட்டுப் பார்க்கும் ஆபத்துக் கணக்கில் 6 புள்ளி வரை குறைந்த ஆபத்து. அவள் அதற்குள் இருந்தாள். இனித்தான் அந்த இரண்டு ஊசிகள்.

மெதோட்ரெக்ஸேட் எட்டு நாள் முறையில் 1, 3, 5, 7ஆம் நாட்களில் தசையில் 50 மில்லிகிராம் ஊசி. இடைப்பட்ட நாட்களில், மருந்தின் கடுமையைத் தணிக்க ஃபோலினிக் அமிலக் குளிசை. பிறகு ஒரு கிழமை ஓய்வு, திரும்பவும் முதலில் இருந்து. தலைமயிர் பெரும்பாலும் கொட்டாது. வாய் புண்ணாகும். அக்டினோமைசின் இரண்டு கிழமைக்கு ஒரே ஒருநாள், நாளத்தில். மயிர் கொட்டலாம், ஓங்காளம் கூட. ஊசி நாளத்தை விட்டு விலகி மருந்து கசிந்தால் அந்த இடத்துச் சதை வெந்துபோகும், அதனால் பழகின கை வேண்டும்.

எது கூடுதலாகக் குணமாக்கும் என்று கேட்டால் ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டுவது போல இருக்கும். 2011இல் வந்த அமெரிக்க ஆய்வில் மெதோட்ரெக்ஸேட் 53 வீதம், அக்டினோமைசின் 70 வீதம். 2020இல் வந்ததில் மெதோட்ரெக்ஸேட் 88, அக்டினோமைசின் 79. ஒரே மருந்து எப்படி 53இல் இருந்து 88க்குப் போனது? முதல் ஆய்வில் அதைக் கிழமைக்கு ஒரு ஊசியாகக் கொடுத்தார்கள். இரண்டாவதில் பல நாள் முறை. பயணம் குறைய வேண்டும் என்று கிழமை ஊசியைக் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அங்கே பலனும் குறைகிறது. இரண்டாவது ஆய்வில் சேர்ந்தது வெறும் 57 பெண்கள் என்பதால், 88க்கும் 79க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். ஒரு மருந்து தோற்றால் மற்றதுக்கு மாறலாம், அதுவும் போதாவிட்டால் கூட்டு மருந்துகள் உண்டு. குறைந்த ஆபத்தில் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள்.

ஆகவே மிஞ்சுவது பயணக் கணக்கு. எட்டுச் சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒன்றில் 32 ஊசி நாள், மற்றதில் 8. பக்கத்து ஆஸ்பத்திரி ஊசி போடச் சம்மதித்தால் நான் மெதோட்ரெக்ஸேட்டைத்தான் சொல்லுவேன், சம்மதிக்காவிட்டால் அக்டினோமைசின். வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது. மெதோட்ரெக்ஸேட் சிறுநீரகத்தால்தான் வெளியேறும். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள ஊர்கள் இருக்கின்றன. வீட்டில் ஆருக்காவது அந்த நோய் இருந்தால் முதல் ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பழுதென்றால் தெரிவே மாறிவிடும்.

திரும்ப ஒருமுறை கருப்பையைச் சுத்தம் செய்தால் ஊசியே வேண்டாமா? 60 பெண்களில் பார்த்த 2016 ஆய்வில் 40 வீதமானோருக்கு அது போதுமாக இருந்தது. டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். கருப்பையை எடுப்பது, பிள்ளை போதும் என்கிற நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு வழி, ஆனால் இரத்தப் பரிசோதனை அதோடு முடியாது. 2009இல் பிள்ளைகளை இழந்து, பிந்தி ஒரு பிள்ளைக்குக் காத்திருந்த தாய்மாரிடம் அந்தப் பேச்சை எடுக்க முன் பக்கத்தில் இருந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எச்.சி.ஜி. பார்த்து வருகிற காலத்தில் கர்ப்பத்தடைக் குளிசை எடுக்கலாம். கருப்பைக்குள் வைக்கும் லூப் மட்டும் எச்.சி.ஜி. சரியாகும் வரை கூடாது.

தங்கச்சி மெதோட்ரெக்ஸேட் எடுத்தாள். முதல் சுற்று யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவில், மிச்சம் முல்லைத்தீவில். மஞ்சள் மருந்து ஊசிக்குள் ஏறுவதைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இரண்டாம் சுற்றில் வாய் வெந்து, தயிரும் பழஞ்சோறும்தான். நாலாம் சுற்றோடு எண் சரியான அளவுக்கு வந்தது. இன்னும் மூன்று சுற்று என்றபோது கோபப்பட்டாள். "சுகம் எண்டு சொல்லிப்போட்டு ஏன் அக்கா இன்னும் குத்தினம்?"

1956ஐ ஒட்டி அமெரிக்காவில் மின் சியூ லீ என்ற வைத்தியர் இதே மருந்தை இதே வகைப் புற்றுநோய்க்குக் கொடுத்ததை அவளுக்குச் சொன்னேன். படத்தில் கட்டிகள் மறைந்த பின்னும் சலத்தில் அந்த ஓமோன் இருந்ததால் அவர் மருந்தை நிறுத்தவில்லை. அதற்காக வேலையையும் இழந்தார். அவர் தொடர்ந்து கொடுத்த பெண்கள் பிழைத்தார்கள். கருவி காணாத அளவிலும் கலங்கள் மிஞ்சும் என்பதால்தான் அந்த மூன்று சுற்று. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, குளிசையை எடுத்துப் போட்டாள்.

கடைசி ஊசிக்கு என்னை வரவேண்டாம் என்றாள். காலை பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள். மத்தியானம் பிள்ளைக்குச் சோறு தீத்த வீட்டில் நின்றாள்.