தேக்காவில் வாங்கிய தினசரி காலண்டர்: சித்திரை ஒன்று சரி, ராகு காலம் சரியில்லை

போன டிசம்பரில் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு பூஜைச் சாமான் கடையில் ஆறு வெள்ளி (டாலர்) கொடுத்து இந்த 2026 தினசரி காலண்டரை வாங்கினேன். சிவகாசி அச்சு. மேலே முருகன் படம் போட்ட கெட்டி அட்டை, கீழே நாளுக்கு ஒரு தாள். தேதி பெரிய எழுத்தில் இருக்கிறது; கண்ணாடி போடாமலே சோபாவில் இருந்து படிக்கலாம். நான் பேருந்து ஓட்டுநர். முதல் வண்டி என்றால் நாலு மணிக்கே எழுந்துவிடுவேன், அதனால் வீட்டில் தாள் கிழிக்கும் வேலை என்னுடையது. கம்பி இறுக்கமாக இருப்பதால் தாள் நேராகக் கிழிகிறது. முன்பு வாங்கிய ஒன்றில் பிப்ரவரி முடிவதற்குள் கட்டே கழன்று விழுந்தது; இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஏப்ரல் 14 தாளை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வருடத்தின் 104-ஆவது தாள். செவ்வாய்க்கிழமை, சித்திரை 1, பராபவ வருஷப் பிறப்பு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'மேஷ சங்கரமணம்' என்று ஒரு வரி. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள் அன்று கேட்டாள்: "ஜனவரியில ஒரு புத்தாண்டு, அப்புறம் சீனப் புத்தாண்டு. இது ஏன்ப்பா ஏப்ரல் 14? யாரு முடிவு பண்ணாங்க?"

பதில் அந்தப் பொடி எழுத்திலேயே இருக்கிறது. வானத்தில் சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்தால் முதல் வீடு மேஷம். அதற்குள் சூரியன் நுழைகிற நாள்தான் சித்திரை ஒன்று. ஜனவரி 1-க்கு வானத்தில் அப்படி ஒரு அடையாளமும் கிடையாது, கி.மு. 153 முதல் ரோமாபுரியின் கான்சல்கள் என்ற தலைமை அதிகாரிகள் பதவியேற்ற நாள் அது. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி வருவதால் ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் நகர்ந்துகொண்டே இருக்கும். நம்முடையது சூரியக் கணக்கு என்பதால் ஏப்ரல் 14-ஐ விட்டு அதிகம் நகர்வதில்லை.

சூரியன் ராத்திரியில் மேஷத்துக்குள் போனால்? தமிழ் வழக்கம் தெளிவானது: சூரியன் மறைவதற்குள் நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்த பிறகு என்றால் மறுநாள். 2024-இல் திருக்கணிதப்படி (வானத்தைப் பார்த்துத் திருத்திய பஞ்சாங்கக் கணக்குப்படி) ஏப்ரல் 13 இரவு, இந்திய நேரம் ஒன்பதே கால் அளவில் நுழைந்தது. அதனால்தான் குரோதி வருடம் 14-ஆம் தேதி பிறந்தது.

மகள் விடவில்லை. பகலும் இரவும் சமமாக இருப்பது மார்ச் 20, 21-இல்தானே, அன்றைக்கே வைத்திருக்கலாமே என்றாள். நல்ல கேள்வி. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் அந்த நாளும் மேஷப் பிறப்பும் சேர்ந்தேதான் வந்தன. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது 24 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. நம் முன்னோர் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள், பருவத்தைப் பிடித்துக்கொண்டு அல்ல. தாய்லாந்துக்காரர்களின் சொங்க்ரானும் மியன்மாரின் திஞ்சானும் இதே ஏப்ரல் நடுவில் வருவதும் இதனால்தான். சொங்க்ரான் என்ற பெயரே நம் சங்கராந்தி. மேல்மாடி வீட்டில் வேலை பார்க்கும் மியன்மார்ப் பெண் எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பியபோது மகளுக்கு அது சட்டென்று புரிந்தது.

இவ்வளவையும் ஒரு தாளை வைத்துப் பேச முடிந்தது என்பதற்காகவே ஆறு வெள்ளி தகும். ஆனால் ஒரு குறையை மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இந்தக் காலண்டர் எந்த ஊர்ச் சூரியனுக்குக் கணித்தது என்று எந்த மூலையிலும் போடவில்லை.

ராகு காலத்தையே பாருங்கள். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டுப் பங்கு, திங்கட்கிழமை இரண்டாம் பங்கு. காலண்டரில் ஏழரை முதல் ஒன்பது என்று இருக்கிறது. அது ஆறு மணிக்கு விடியும் ஊருக்கு. இங்கே விடிவது ஏழு மணிக்கு. தினமும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவன் சொல்கிறேன், ஆறரைக்கும் இருட்டுதான். 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னால் தள்ளியதும் சேர்ந்துகொண்டது. ஆக, இங்கே திங்கள் ராகு காலம் எட்டரை முதல் பத்து. என் மச்சினி புது வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் காலண்டரை நம்பி ஒன்பதே காலுக்குப் பால் காய்ச்சினாள். பிறகு விஷயம் தெரிந்ததும் அவள் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வருத்தம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

வருடப் பிறப்புக்கும் இது பொருந்தும். சூரியன் மேஷத்துக்குள் நுழையும் நொடி உலகம் முழுக்க ஒன்றுதான். அஸ்தமனம்தான் ஊருக்கு ஊர் மாறும். சித்திரைப் பிறப்பு சமயத்தில் சென்னையில் சூரியன் மறைவது நம் கடிகாரத்தில் எட்டே முக்காலைத் தாண்டி. இங்கே ஏழு பத்துக்கெல்லாம் மறைந்துவிடும். நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளியில் சங்கரமணம் விழுந்தால் சென்னைக்கு அன்றே சித்திரை ஒன்று, நம் வானத்துக்கு மறுநாள். இந்த வருடம் திருக்கணிதப்படி நமக்கு நண்பகல் 12.10 அளவில் வந்ததால் குழப்பம் இல்லை.

கடைக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தேதி, திதி எல்லாம் பார்த்துக்குங்க தம்பி, ராகு காலத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூட்டிக்குங்க" என்றார். அதையே அட்டையில் ஒரு வரி அச்சடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் சேர்த்தால் வாங்க எத்தனை வீடு இருக்கிறது!

அடுத்த வருடத்துக்கும் இதையேதான் வாங்குவேன். தாள் நல்ல தாள், எழுத்து நல்ல எழுத்து. டிசம்பர் பாதிக்குள் போய்விடுங்கள், அப்புறம் சின்ன அளவுதான் மிஞ்சும். எங்கள் வீட்டில் ஆணியோடு ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ராகு கால எண்ணுக்குப் பக்கத்தில் தினமும் ராத்திரி மறுநாள் தாளில் '+1' என்று எழுதிவைப்பது மகளின் வேலை.