பத்தாயிரம் லக்ஸ் விளக்கு: ஒரு குளிர்காலம் முழுக்க வைத்துப் பார்த்தேன்

டொராண்டோவில் என் நாலாவது குளிர்காலம் இப்போதுதான் முடிந்தது. முதல் மூன்றிலும் நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்த கையோடு எனக்குள்ளும் ஏதோ அணைந்துவிடும். பத்து மணி நேரம் தூங்கினாலும் போதாது, சோறு சாப்பிட்ட கை உடனே பிஸ்கட் டப்பாவைத் தேடும், யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கத் தோன்றாது. வேலை பிடிக்கவில்லை, ஊர் ஞாபகம், வயசாகிறது என்று வருஷத்துக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். "போன வருஷமும் இதே மாசம்தான் உன் குரல் இப்படி இருந்துச்சுப்பா" என்று அம்மா போனில் சொன்ன பிறகுதான் உறைத்தது.

டாக்டரிடம் போனால் அவர் ஆச்சரியமே படவில்லை. பருவகால மனச்சோர்வாம், 1984-லேயே நார்மன் ரோசந்தால் குழு அமெரிக்காவில் பெயர் வைத்து விவரித்துவிட்டது. டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் ஏழே முக்காலுக்கு மேல் எழுந்து நாலே முக்கால் வாக்கில் படுத்துவிடும், நான் வேலைக்குப் போவதும் இருட்டில், திரும்புவதும் இருட்டில். நடுவில் இருக்கும் அலுவலக வெளிச்சம் 300, 500 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் விழித்திரை அணுக்களுக்கு அது போதவில்லை போல.

சரி, அந்தக் குறையை ஈடுகட்டக் காலையில் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் விளக்குக்கு வருவோம். அட்டையில் 10,000 லக்ஸ் என்று கொட்டை எழுத்து. பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் "15 செ.மீ. தூரத்தில்". அதாவது மூக்கை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்! மேசையில் சாதாரணமாக வைத்துவிட்டு போனில் அளந்து பார்த்தேன், ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. முதல் வாரம் பலனே இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்புறம் நாலு புத்தகத்தை அடுக்கி மேலே ஏற்றி, முகத்துக்குக் கிட்டத்தில் கொஞ்சம் சாய்வாக வைத்து, நேராக உற்றுப் பார்க்காமல் தினமும் காலை ஆறரைக்குக் காப்பியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டு மூன்று நாள் லேசான தலைவலி. இரண்டாவது வாரத்தில் மதியத் தூக்கம் விலகியது, எனக்கே தெரியாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. விளக்குக்காகத்தான் தினம் ஒரே நேரத்தில் எழுந்தேன், அதற்காகவே சீக்கிரம் படுத்தேன். எது வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் காலையில் விட்டதை மாலை ஏழு மணிக்கு ஈடுகட்டப் பார்த்து, இரவு இரண்டு வரை ஆந்தை மாதிரி விழித்திருந்ததும் நடந்தது.

வைட்டமின் டி கிடைக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். கிடைக்காது, இந்த விளக்குகளில் புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடுவார்கள். இருமுனைக் கோளாறு (மனம் சோர்வுக்கும் மிகை உற்சாகத்துக்கும் மாறி மாறி ஊசலாடும் நோய்) இருப்பவர்களுக்கு இந்த வெளிச்சம் மனத்தை மறுபக்கம் தூக்கிவிடலாம், விழித்திரைக் கோளாறு இருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு, அவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

என்னுடையதற்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம், அந்த எறும்பு எழுத்துக்காக இரண்டைக் குறைத்துவிட்டேன். அடுத்த அக்டோபரில் முப்பது செ.மீ. தள்ளி வைத்தாலும் பத்தாயிரம் தரும் பெரிய பலகையாகப் பார்த்து வாங்கப் போகிறேன், புத்தகங்களையாவது அலமாரிக்குத் திருப்பி அனுப்பலாம்.