பஃபலோ பனிக்கு அமெரிக்க அரசு வானிலை சைட்: திருப்பூர்ல இருந்து பாக்கற ஒரு அம்மாவோட ரிவ்யூ

எம்பொண்ணு பஃபலோல படிக்கறாங்க, நியூயார்க் மாநிலம்னாலும் நாம சினிமால பாக்கற நியூயார்க் இல்ல, அது வேற மூலை, ஈரி ஏரியோட கெழக்கு முனைல கனடா பார்டர் ஓரமா இருக்கற ஊரு. கொங்குப் பக்கம் இருந்து அந்த ஏரிக்கரை ஊர்களுக்கு இப்ப நெறைய புள்ளைங்க போறாங்க, அக்டோபர் ஆனா போதும் "இந்த வருசம் குளிர் எப்படி இருக்குமாம்"னு எல்லா அம்மாவும் கேக்கறாங்க. நான் பாக்கறது நேஷனல் வெதர் சர்வீஸ், அந்த நாட்டு அரசாங்கத்தோடது. காசு கெடையாது, விளம்பரம் கெடையாது, லாகின் கெடையாது. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் தாராளமா குடுக்கலாம்ங்க.

மொதல்ல அந்த வின்டர் அவுட்லுக், அதாவது குளிர்காலம் எப்படி இருக்கும்னு முன்கூட்டியே சொல்றது. அக்டோபர் நடுவுல வரும், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மூணு மாசத்துக்கு சேர்த்து ரெண்டு மேப். ஒண்ணு வெப்பம், ஆரஞ்சா இருந்தா வழக்கத்த விட சூடு, நீலமா இருந்தா குளிர். இன்னொண்ணு மழை பனி எல்லாம் சேர்த்து மொத்த ஈரம், பச்சைன்னா அதிகம், பழுப்புன்னா கொறைவு. இதுல எல்லாருமே தப்பா படிக்கற எடம் அந்த பெர்சன்ட். 40ல இருந்து 50 பெர்சன்ட்னு ஆரஞ்சு போட்டிருந்தா 50 பெர்சன்ட் சூடு கூடுதல்னு அர்த்தம் இல்லைங்க, குளிர், நார்மல், சூடுன்னு மூணு வாய்ப்பு இருக்கு, எந்தத் துப்பும் இல்லைன்னா ஒவ்வொண்ணுக்கும் 33, அதுல சூடு பக்கம் தராசு கொஞ்சம் சாஞ்சிருக்குன்னு மட்டும்தான் அது சொல்லுது, குளிர் வர்றதுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு. வெள்ளையா விட்டிருந்தா மூணுக்கும் சம வாய்ப்பு. எத்தனை இஞ்ச் பனி விழும்னு அந்த மேப்ல எங்கயுமே இருக்காது, அதை அவங்களே தெளிவா சொல்லிடறாங்க.

இது ஏன் முக்கியம்னா 2023-24 குளிர்காலத்தை எடுத்துக்குங்க. பலமான எல் நினோ வருசம் (பசிபிக் கடல்ல நடுப்பட்டித் தண்ணி வழக்கத்த விட சூடாகறது), எல் நினோன்னா வடக்கு மாநிலங்கள்ல பொதுவா குளிர் கொறையும், அதே மாதிரி அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்காவுக்கு பதிவுலயே அதிக வெப்பமான குளிர்காலமா அது முடிஞ்சுது, பெரிய ஏரிகள்ல ஐஸும் நெம்பக் கொறைச்சல். ஆனா அதே ஜனவரி நடுவுல பஃபலோல கொட்டின பனில அவங்க ஃபுட்பால் மேட்ச்சையே ஞாயித்துக்கெழமைல இருந்து திங்கக்கெழமைக்குத் தள்ளி வெச்சாங்க, வந்து பனியை வாரிப் போட ஆள் வேணும்னு ஊர்க்காரங்களையே கூப்பிட்டாங்க. மூணு மாச சராசரி கரெக்ட்டு, அந்த ஒரு வாரம் புள்ளைங்க வெளிய போக முடியல, ரெண்டும் உண்மை. அதனால அவுட்லுக்கை துணிமணி வாங்கறதுக்கும் மனசைத் தயார் பண்றதுக்கும் வெச்சுக்குங்க, அதைப் பாத்து டிசம்பர் ஃப்ளைட் டிக்கெட் போடாதீங்க.

என்னைக் கேட்டா இந்த சைட்டோட உசிரே அவங்களோட பஃபலோ கிளை ஆஃபீஸ் போடற தெனசரி ஃபோர்காஸ்ட்தான். மேப்ல புள்ளை இருக்கற எடத்தை அமுக்கினா ரெண்டரை கிலோமீட்டர் கட்டத்துக்கு தனியா வரும். ஊர்ப் பேர மட்டும் அடிச்சுப் பாக்கறது பத்தாதுங்க. ஏரிப்பனி, அதாவது ஏரித் தண்ணியால உண்டாகற பனி, ஒரு பட்டை மாதிரி வரும், அகலம் சில சமயம் பத்து இருபது கிலோமீட்டர்தான், பேரூர் தொண்டாமுத்தூர்ல மழை ஊத்தறப்ப சூலூர் பல்லடத்துல வெயில் அடிக்குமே, அதே கணக்கு. 2014 நவம்பர்ல பஃபலோவுக்குத் தெக்கால இருக்கற ஊருகள்ல அஞ்சடிக்கு மேல பனி, வடக்கால சில இஞ்ச்தான். எம்பொண்ணு இருக்கறது வடக்கால ஆம்ஹர்ஸ்ட், இந்த மாதிரி நியூஸ் பாத்து நான் பதறிப்போய் கூப்பிட்டா "அம்மா இங்க ஒண்ணுமே இல்ல, கிளாஸ்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்"ம்பா. இப்பல்லாம் கட்டத்தை அமுக்கிப் பாத்துட்டுத்தான் போனையே எடுக்கறேன்.

ஏன் இப்படி பட்டையா வருதுன்னா, கனடாப் பக்கம் இருந்து எறங்கற கடுங்குளிர் காத்து இன்னும் சூடு ஆறாத ஏரித் தண்ணி மேல ஓடறப்ப ஈரத்தை உறிஞ்சி மேகமாகி கரைல கொட்டுது. தண்ணிக்கும் ஒன்றரை கிலோமீட்டர் ஒசரத்துல இருக்கற காத்துக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்தாலே வேலை ஆரம்பிச்சுடும். ஈரி ஏரி தென்மேக்குல இருந்து வடகெழக்கா 388 கிலோமீட்டர் நீளம், காத்தும் அதே தெசைல அடிச்சா ஏரி முழுக்க ஓடி வந்த ஈரம் அத்தனையும் அந்த முனைல, பஃபலோ தலைல எறங்கும். காத்து பத்து டிகிரி திரும்பினா பட்டை வேற ஊருக்குப் போயிடும். சராசரி ஆழம் 19 மீட்டர்தான்ங்கறதால குளிர் நின்னு அடிச்சா ஏரி உறைஞ்சு மூடிக்கும், அப்பறம் ஏரிப்பனி நல்லாவே கொறைஞ்சிரும். பக்கத்துல இருக்கற ஒண்டாரியோ ஏரி 244 மீட்டர் வரைக்கும் ஆழம், அது முழுசா உறையறதே அபூர்வம், அதோட கெழக்கால இருக்கற டக் ஹில்ங்கற மேட்டுப் பகுதில வருசா வருசம் பஃபலோவ விட ரெண்டு மடங்குக்கும் மேல பனி.

இதுக்குன்னே பஃபலோ ஆஃபீஸ் தெனமும் ஏரித்தண்ணி வெப்பநிலையப் போடறாங்க, 1927ல இருந்து பதிவு வெச்சிருக்காங்க. அவுட்லுக் மேப்பை விட எனக்கு இந்த ஒத்த நம்பர் மேலதான் நம்பிக்கை. நவம்பர் கடைசிலயும் தண்ணி வழக்கத்த விட சூடா நின்னுட்டு இருந்தா ஆரஞ்சு மேப்பைப் பாத்து சந்தோசப்பட வேண்டாம், மேல இருந்து குளிர்காத்து எறங்கற நாளுக்கு எல்லாமே ரெடியா இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். புயல் நெருங்கறப்ப பனி எவ்வளவுன்னு மூணு நம்பர் குடுப்பாங்க, எதிர்பாக்கறது ஒண்ணு, கொறைஞ்சபட்சம் ஒண்ணு, அதிகபட்சம் ஒண்ணு, அந்த அதிகபட்சத்தைத் தாண்ட பத்துல ஒரு வாய்ப்புதான்னு வெளக்கமும் இருக்கும். போன்ல இருந்த ஒரு ஆப் பத்து நாள் முன்னாடியே ஒரே நம்பரா பெருசா காட்டி எங்க வீட்ல யாரும் தூங்கல, கடைசில தூறல் மாதிரி ஏதோ விழுந்துதாம். இவங்க தெரியாததை தெரியாததுன்னே சொல்றாங்க. நெசமாவே பெருசா வர்றப்ப சத்தமாவும் சொல்றாங்க, 2022 டிசம்பர் பனிப்புயலுக்கு சில நாள் முன்னாடியே இது ஒரு தலைமுறைக்கு ஒருக்கா வர்றதுன்னு எழுதிட்டாங்க, 37 மணி நேரம் விடாம அடிச்சுது, அந்த ஒரு கவுண்டிலயே (நம்ம மாவட்டம் மாதிரி) நாப்பது பேருக்கு மேல எறந்து போயிட்டாங்க. அதனால வாட்ச்னு (வர வாய்ப்பு இருக்கு) போட்டா சாமான் வாங்கி வெச்சுக்கணும், வார்னிங்னு (வரப்போகுது, இல்ல வந்துடுச்சு) போட்டா வெளியவே போகக்கூடாதுன்னு வீட்ல கண்டிப்பா சொல்லி வெச்சிருக்கேன்.

அரை ஸ்டார் கொறைச்சது நம்ம ஆளுகளுக்கு சிரமம்ங்கறதால. எல்லாம் ஃபாரன்ஹீட், இஞ்ச். 32ஐ நம்ம ஜீரோன்னு மனசுல வெச்சுக்கங்க. ஆஃபீஸர்ங்க அவங்க யோசனைய எழுதற ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்னு ஒரு பக்கம் இருக்கு, நெம்ப அருமையானது, ஆனா சுருக்கெழுத்தா இருக்கும், பழகறதுக்கு ஒரு சீசன் ஆகும்.

துணி விசயம் கேக்கறவங்களுக்கு: திருப்பூர் காதர்பேட்டைல 300 ஜிஎஸ்எம் (துணியோட கனம்) ப்ரஷ்டு ஃப்ளீஸ் ஹூடி நல்லாவே கெடைக்கும், அது நடு லேயருக்கு சரி. ஒடம்பை ஒட்டிப் போடறது மட்டும் காட்டன் வேண்டாங்க, நம்ம ஊரே காட்டன் பனியன்லதான் பொழைக்குதுன்னாலும் இதை சொல்லித்தான் ஆகணும், வேர்த்தா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், வெளிய வந்ததும் சில்லுன்னு ஆகிடும். பாலியஸ்டர் இல்ல கம்பளி தெர்மல் பாத்து எடுங்க. ஜாக்கெட்டும் பூட்ஸும் அங்க போய் வாங்கறதுதான் நல்லது.

அவுட்லுக் ஒவ்வொரு மாசமும் மூணாவது வியாழக்கெழமை புதுசாகும், நமக்கு அது சாயங்கால நேரம். அதே எல் நினோ, லா நினா (எல் நினோவுக்கு நேர்மாறா அந்தக் கடல் குளிர்றது) கணக்குதான் நம்ம ஐப்பசி கார்த்திகை மழைக்கும், எல் நினோன்னா பொதுவா நமக்கு மழை கூடும், லா நினான்னா கொறையும், அதனால காடு தோட்டம் வெச்சிருக்கறவங்களும் ஒருக்கா தொறந்து பாருங்க.