பலாலியிலிருந்து திருச்சிக்கு: ஒரு பழைய தபால் கந்தோர்க்காரியின் மதிப்பீடு

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிளிநொச்சி, மல்லாவி, பூநகரி என்று வன்னிக்குள்ளேயே சுற்றிச் சுற்றித்தான் மாற்றல். ஆயுளில் பாதி கவுண்டருக்கு உள்பக்கம் போனதால், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இருப்பவரின் முகத்துக்கு முன் கையைத்தான் பார்ப்பேன். முத்திரையை எப்படிக் குத்துகிறார், கடதாசியை எப்படித் திருப்பித் தருகிறார் என்பதிலேயே ஆள் எப்படி என்று பிடிபட்டுவிடும்.

அண்மையில் விசுவமடுவில் இருக்கும் அக்காவோடு, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்குப் போய் வந்தேன். விமானத்தில் என்ன சாப்பாடு, ஸ்ரீரங்கத்தில் எவ்வளவு கூட்டம் என்று எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு என்னிடம் விசாரித்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் கேட்டார்கள்: "கவுண்டரில என்ன கேட்டவை? பிரச்சினை ஒண்டும் இல்லையோ?" அதற்குத்தான் இது.

வயதான ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற, அல்லது முதல் தடவையாக வெளிநாடு போகிற வன்னிக்காரருக்குப் பலாலியைப் போல் தோதான வழி இல்லை என்பேன். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையம் கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு வாகனத்தில் ஏறி, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று உலுப்புண்டு போய், விடியப்புறம் அரைத் தூக்கத்தில் வரிசையில் நிற்க வேண்டும். பலாலி, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்ப் பலாலி வீதிக்குத் திரும்பினால் எண்பதுக்குக் கிட்டிய கிலோமீற்றர்தான். வீட்டில் குளித்து, சாப்பிட்டு, மருந்தையும் போட்டுவிட்டுப் புறப்படலாம். கவுண்டரில் எங்கட ஆட்களுக்கு வருகிற நடுக்கத்தில் பாதி நித்திரை இல்லாததால் வருவது என்பது என் எண்ணம்.

அந்த ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி. பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருக்கிறது. திறந்த காலத்தில் அதுவே ஒரு வாக்குவாதமாகப் போனது பலருக்கும் நினைவிருக்கும். கொரோனாவோடு 2020 மார்ச்சில் விமானம் நின்று, 2022 டிசெம்பரில்தான் மறுபடி சென்னையிலிருந்து வந்தது. இண்டிகோ விமானக் கம்பனி 2024 செப்ரெம்பர் 1இல் சென்னைக்கும், 2025 மார்ச் 30இல் திருச்சிக்கும் தொடங்கியது. பறப்பது ஏ.டி.ஆர். 72, விசிறி வைத்த சின்ன விமானம், 78 இருக்கை. வரிசைக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. விமானம் நிரம்பினாலும் உங்களுக்கு முன்னால் 77 பேருக்கு மேல் நிற்க முடியாது!

ஆனால் சோதனை பலாலியில் தொடங்குவதில்லை. ஊரில் விசா விண்ணப்பம் நிரப்புகிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அக்காவுடைய கடவுச்சீட்டு வவுனியாவில் எடுத்தது. இந்திய இ-விசாவுக்கு, அதாவது இணையத்தால் எடுக்கிற விசாவுக்கு, விண்ணப்பிக்க ஊரிலுள்ள ஒரு கொமியூனிகேசன் கடைக்குப் போனோம், பெயர் வேண்டாம். கடைப் பெடியன் போனில் கதைத்துக்கொண்டே தட்டினான். தகப்பன் பெயரை இடம் மாற்றிப் போட்டான். அக்காவின் பெயரில் ஓர் 'எச்' எழுத்தையும் விழுங்கிவிட்டான். "அதெல்லாம் பார்க்க மாட்டினம் அன்ரி" என்றான். அதைத்தான் பார்ப்பார்கள்! விண்ணப்பத்தில் இருப்பதும் கடவுச்சீட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கட்டிய காசும் திரும்பி வராது. பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துத் திருத்த வைத்தேன். அவனுக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

எங்கட பக்கத்தில் இது பெரிய விசயம். அக்காவின் பழைய பத்திரங்கள் 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் பக்கம் பெட்டியோடு போய்விட்டன. பிறகு எடுத்த பிறப்புப் பதிவுப் பிரதியில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. வன்னியில் இப்படி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விசாவுக்குக் கணக்கு கடவுச்சீட்டில் இருப்பதுதான். மற்றதை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தேவையில்லாமல் நீட்டினால்தான் கேள்வி வரும்.

படிவத்தில் இன்னும் சில கேள்விகள் ஆட்களைத் திகைக்க வைக்கும். பெற்றோரோ, அப்பப்பா அம்மம்மா ஆட்களோ பாகிஸ்தானியரா என்று கேட்பார்கள். இராணுவம், பொலிஸ், பாதுகாப்பு அமைப்பு எதிலாவது வேலை செய்தீர்களா என்றும் கேட்பார்கள். இந்த இரண்டாவதை வாசித்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். ஏன் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அது எங்களுக்கென்று வைத்த கேள்வி இல்லை, எல்லா நாட்டவருக்கும் உள்ள படிவம் என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். இந்தியாவில் தெரிந்த ஒருவரின் பெயர், விலாசமும் வேண்டும். பயணத்துக்கு நான்கு நாளாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கு ஆறு மாதக் காலமும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். அனுமதி வந்ததும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். போனில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், சார்ஜ் இறங்குவது அந்த நேரம் பார்த்துத்தான்.

சரி, பலாலிக் கவுண்டர். எங்களுக்கு வாய்த்தவர் இளம் பிள்ளை, தமிழிலேயே கேட்டார். "எங்க அம்மா போறீங்க, ஆரிட்ட?" அவ்வளவுதான் கேள்வி. அக்கா தொடங்கினாள்: சின்னம்மாவின் மகள், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரால் படகேறிப் போனவள், அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவன்... நான் காலால் தட்டினேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, "திரும்பி வருவீங்கதானே?" என்றார். "கச்சான் பிடுங்கக் கிடக்கு, வராமல்?" என்றாள் அக்கா.

பிறகு முத்திரை. இதைச் சொல்லாமல் விட முடியாது. கடவுச்சீட்டைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தின் நடுவில் அறையாமல், மேல் மூலையில் வைத்து ஒரு தரம் அழுத்தி நேராக எடுத்தார். திகதியில் ஒரு இலக்கமும் மங்கவில்லை. நடுவில் குத்தினால் அந்தப் பக்கத்தில் இன்னும் மூன்று முத்திரைக்கு உரிய இடம் பழுதாகும். தபாலில் புதிதாக வருகிற பெடியளுக்கு முதல் கிழமையே நாங்கள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: மையில் இரண்டு தரம் ஒற்றாதே, சரித்துக் குத்தாதே, எடுக்கும்போது இழுக்காதே. இந்தப் பிள்ளைக்கு ஆரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

எல்லா இடமும் இப்படி இல்லை. சில வருடங்களுக்கு முன் மகளிடம் போகும் வழியில் வேறொரு நாட்டு விமான நிலையத்தில் பட்டது இன்னும் மறக்கவில்லை. எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. கவுண்டரில் இருந்தவர் என் கடவுச்சீட்டை வாங்கினார், முன்னும் பின்னும் புரட்டினார், எழும்பி உள்ளே போய்விட்டார். இன்னொருவர் வந்து இருக்கச் சொல்லி ஒரு வாங்கைக் காட்டினார். என்னோடு அந்த வாங்கில் வேறு நாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கடவுச்சீட்டு வந்தது. என்ன பிரச்சினை என்று கேட்டேன். போ என்று கையால் காட்டினார்.

கேள்வி கேட்பது அவர்களின் வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015 வரை இருந்தது. ஏ9இல் போய் வந்த எங்களுக்கு வரிசை ஒன்றும் புதிதில்லை. ஆனால் ஒருவரின் பத்திரத்தைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோனால், எதற்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு வசனம் சொல்ல வேண்டும். காசுக்கட்டளைக் கையெழுத்தில் சந்தேகம் வந்தால்கூட, "இருங்கோ, ஒருக்காப் பார்த்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் நாங்கள் எழும்புவோம். அதற்குச் சம்பளம் கூடத் தேவையில்லை.

திருச்சியில் புது முனையம். 2024 ஜனவரியில் திறந்து வைத்தது. சுவரெல்லாம் கோயில் ஓவியம். ஊரில் பெரிய சந்தைக் கட்டடத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காத அக்கா அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கினாள். இங்கே வரிசை வேறு மாதிரி. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா விமானங்களும் வருகிற இடம் என்பதால், இந்தியருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம். இ-விசாக்காரர் அதற்குரிய பலகையைத் தேடி நிற்க வேண்டும். முன்னால் போகிறவர் பின்னாலேயே போய் நின்றுவிடாதீர்கள்.

இ-விசாவுக்கு விரலடையாளம் எடுப்பார்கள். வலது கை நான்கு விரல், இடது கை நான்கு விரல், பிறகு பெருவிரல்கள். எனக்கு உடனே சரிவந்தது. அக்காவுக்கு வரவில்லை. கச்சானும் மிளகாயும் வெங்காயமும் பிடுங்கித் தேய்ந்த விரல். கண்ணாடியில் வைத்தால் திரையில் வெறும் வெள்ளைத் திட்டு. உத்தியோகத்தர் நடுத்தர வயது ஆள். சத்தம் போடவில்லை. "விரல லேசா துடைச்சிட்டு வைங்கம்மா" என்றார். ரிசூக் கடதாசி ஒன்றைத் தந்தார். மறுபடி வரவில்லை. நெற்றியில் ஒருதரம் விரலைத் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார், கொஞ்சம் எண்ணெய்ப்பசை பட்டதும் கோடுகள் தெரிந்தன. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. தோட்டம் செய்கிற ஆட்கள் இரண்டு மூன்று நாளுக்கு முன்னிருந்தே இரவில் விரலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிப் படுங்கள். கவுண்டருக்குப் போகும்போது ஈரமோ அழுக்கோ இல்லாமல் இருக்கட்டும். அக்கா வரும் வழியெல்லாம் தன் விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஓர் இடைச்செருகல். வேலைக்கென்று போகிறவர்களுக்கு இந்த மதிப்பீடு பொருந்தாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு இல்லாமல் குடியகல்வில் விட மாட்டார்கள். சுற்றுலா விசாவில் அனுப்புகிறோம், அங்கே போய் மாற்றலாம் என்று சொல்லும் முகவரை நம்பி நகை அடகு வைக்காதீர்கள்.

திரும்பி வரும்போது பலாலிக் குடிவரவில் சொல்ல ஒன்றும் இல்லை, முத்திரை, போகலாம். சுங்கத்தில் மட்டும் எங்களுக்கு முன் வந்த ஒருவரின் பொதியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரே நிறத்தில் ஒரே கரையோடு சேலைகள் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மனிசிக்கு என்றார். வியாபாரத்துக்குக் கொண்டு வருவதென்றால் வரிக் காசை மடியில் கட்டிக்கொண்டு போங்கள், மனிசியை இழுக்காதீர்கள்.